வளரத் தவறிய வெள்ளணுக்கள்: நுண் ஆர்.என்.ஏ.க்களும் இரத்தப் புற்றுநோயும்

முன்னுரை

‘இரத்தப் புற்றுநோய்’ என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலில் கேட்டது மருத்துவமனையில் அன்று. பழைய தமிழ்த் திரைப்படத்தில்தான். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் இருமுவான். கைக்குட்டையில் இரத்தம் தெரியும். மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டுவார். அதன்பின் ஒரு சோகப் பாட்டு, பிறகு மரணம். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் இந்நோயைப் பற்றிப் பேசும்போது இன்றும் அந்தக் காட்சியின் சாயலைக் காணலாம். “இரத்தம் கெட்டுப் போச்சு”, “வந்தா அவ்வளவுதான்” என்ற இரண்டு வாக்கியங்களில் பேச்சு முடிந்துவிடும்.

இந்த இரண்டு வாக்கியங்களும் சரியல்ல என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரத்தப் புற்றுநோய் என்பது இரத்தம் கெட்டுப்போவது அன்று. நம் உடலைக் காக்கப் பிறந்த வெள்ளணுக்கள், வளர வேண்டிய நேரத்தில் வளராமலும் சாக வேண்டிய நேரத்தில் சாகாமலும் போவதே அந்நோய். அந்த அணுக்களுக்கு ‘இப்போது வளர்’, ‘இப்போது நில்’ என்று அளவு பார்த்துக் கட்டுப்பாடு விதிப்பவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுகளும் அடங்கும். இக்கட்டுரையில் அவற்றை ‘நுண் ஆர்.என்.ஏ.’ என்று அழைப்போம்.

உயிரியலை நாம் ஆரம்பப் பள்ளியில் ஒரு மொழியிலும், இடைநிலைப் பள்ளியில் வேறொரு மொழியிலும், பல்கலைக்கழகத்தில் மற்றொரு மொழியிலும் படிக்கிறோம். இதனால் தேர்வுத் தாளில் எழுதத் தெரிந்த செய்தியை வீட்டில் பாட்டியிடம் சொல்லத் தெரியாமல் போகிறது. ஆகவே, கூடுமானவரை நம் வட்டாரத்தில் பார்த்துப் பழகிய பொருள்களைக் கொண்டே இப்பாடத்தைத் தொடங்குவோம்.

நாற்றுமேடையும் எலும்பு மச்சையும்

கோல சிலாங்கூருக்கும் செம்பனைக்கும் உள்ள உறவு நூறாண்டைக் கடந்தது. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில், இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான் கண்ணில் படுகிறது. எனவே, செம்பனை நாற்றுமேடையைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

முளைவிட்ட விதை முதலில் சிறிய பையில் ஏறத்தாழ 3 மாதம் இருக்கும். பிறகு பெரிய பைக்கு மாற்றப்படும். ஏறக்குறைய ஓராண்டு ஆனபின்னரே கன்று நிலத்தில் நடப்படும். இடையில் ஒவ்வொரு கட்டத்திலும் குட்டையாக நிற்பவை, இலை முறுக்கியவை, வளராதவை எல்லாம் கழிக்கப்படும். கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காய்க்காத மரம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இடத்தையும் உரத்தையும் வீணாக்கிக் கொண்டு நிற்கும்.

நம் உடலில் இரத்த அணுக்களின் நாற்றுமேடை எலும்பு மச்சை ஆகும். அங்குள்ள குருத்தணுக்களிலிருந்தே எல்லா இரத்த அணுக்களும் பிறக்கின்றன. வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்குச் சிவப்பணுக்கள் மட்டுமே ஏறத்தாழ 200 பில்லியன் புதிதாக உருவாகின்றன. அதே மச்சையிலிருந்துதான் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வருகின்றன.

வெள்ளணுக்கள் ஒரே வகை அல்ல. கிருமியைக் கண்டவுடன் விழுங்கிச் செரிப்பவை ஒரு வகை. அவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவை நியூட்ரோஃபில்கள். எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி அணுக்கள். கிருமி புகுந்த அணுவைத் தேடி அழிப்பதும், மற்ற அணுக்களை ஏவுவதும் டி அணுக்களின் வேலை. பி அணுக்கள் மச்சையிலேயே வளர்கின்றன. டி அணுக்களோ நெஞ்செலும்பின் பின்புறமுள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று வளர்கின்றன.

இங்கும் கழித்தல் உண்டு. அது நாற்றுமேடையைவிட மிகக் கடுமையானது. தைமசில் வளரத் தொடங்கும் அணுக்களில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவை அங்கேயே இறந்துவிடுகின்றன. தம் வேலையைச் செய்ய இயலாதவையும், நம் சொந்த உடலையே பகையாகக் கருதித் தாக்கக்கூடியவையும் இவ்வாறு நீக்கப்படுகின்றன. அணு இறப்பது என்றாலே நோய் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், உரிய நேரத்தில் அணுக்கள் இறப்பதால்தான் நாம் நலமாக இருக்கிறோம்.

மரபணு ஒன்று, அணுக்கள் பல

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரே குருத்தணுவிலிருந்து பிறந்த அணுக்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. அப்படியிருக்க, ஒன்று நியூட்ரோஃபிலாகவும் மற்றொன்று பி அணுவாகவும் மாறுவது எப்படி?

இதற்கும் செம்பனையிலேயே ஒரு சான்று இருக்கிறது. நல்ல விளைச்சல் தரும் ஒரு மரத்தின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதே மரபணுக்களைக் கொண்ட ஆயிரக்கணக்கான கன்றுகளை உருவாக்கலாம். ஆனால், அவற்றுள் சில மரங்கள் மட்டும் உருக்குலைந்த, எண்ணெய் குறைந்த பழங்களைத் தந்தன. மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் இணைந்து இதன் காரணத்தைக் கண்டறிந்து 2015-இல் வெளியிட்டனர். மரபணுவின் எழுத்துகளில் பிழை இல்லை. ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட ஒரு மரபுத் துண்டின்மீது இருக்க வேண்டிய வேதிக் குறிகள் அழிந்திருந்தன. அங்கே இருக்க வேண்டிய சிறு ஆர்.என்.ஏ.க்களும் குறைந்திருந்தன. குறிகள் இருந்தால் நல்ல கர்மா, இல்லையேல் கெட்ட கர்மா என்று ஆய்வாளர்களே பெயரிட்டனர். அந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் நாம் பேசப்போகும் நுண் ஆர்.என்.ஏ.க்களிலிருந்து வேறுபட்டவை. ஆயினும் பாடம் ஒன்றுதான்: மரபணு இருப்பது வேறு, அது எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு.

மரபணு வேலை செய்யும் முறையை இவ்வாறு விளங்கிக் கொள்ளலாம். தோட்ட அலுவலகத்தில் பெரிய பதிவேடு ஒன்று உள்ளது. அது வெளியே போகாது. அதிலிருந்து தேவையான வரியை மட்டும் கிராணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். சீட்டைப் பார்த்து வேலைக்களத்தில் வேலை நடக்கும். பதிவேடு என்பது அணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ.; துண்டுச் சீட்டு என்பது தூது ஆர்.என்.ஏ.; நடக்கும் வேலை புரத உற்பத்தி. நுண் ஆர்.என்.ஏ.யோ, வழியில் நின்று சீட்டைப் பிடித்து ஒதுக்கி வைக்கும் மண்டோரைப் போன்றது. சீட்டு எழுதப்பட்டுவிட்டது; ஆனால், அவ்வேலை குறைவாக நடக்கும் அல்லது நடவாமல் போகும்.

புழுவில் கிடைத்த செய்தி

இந்த மண்டோரைக் கண்டுபிடித்தது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றில் நடந்த ஆய்வாகும். லின்-4 என்ற மரபணு பழுதான புழு, தன் முதல் இளம்பருவத்தில் செய்ய வேண்டியவற்றையே திரும்பத் திரும்பச் செய்தது; அடுத்த பருவத்திற்கு முறையாக வளரவில்லை. அம்மரபணு எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை என்பதையும், அது 22 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ.யை மட்டுமே தருகிறது என்பதையும் விக்டர் அம்புரோஸ் குழுவினர் கண்டறிந்தனர். அச்சிறு ஆர்.என்.ஏ. லின்-14 என்ற மற்றொரு மரபணுவின் தூதில் ஒட்டி அதைத் தடுக்கிறது என்பதை அம்புரோசும் கேரி ரவ்கனும் 1993-இல் வெளியிட்டனர்.

அப்போது பலர் இதனைப் புழுவுக்கு மட்டும் உரிய விந்தையாகவே கருதினர். 2000-ஆம் ஆண்டில் ரவ்கன் குழுவினர் கண்டறிந்த லெட்-7 என்ற இரண்டாவது நுண் ஆர்.என்.ஏ., மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருப்பது தெரிந்தபின் நிலைமை மாறியது. இன்று மனிதரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. இக்கண்டுபிடிப்புக்காக 2024-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அம்புரோசுக்கும் ரவ்கனுக்கும் வழங்கப்பட்டது.

நுண் ஆர்.என்.ஏ. உருவாகும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்று கொண்டை ஊசி போல் மடிந்து நிற்கும். டுரோஷா என்ற நொதி அதைக் கருவுக்குள் ஒருமுறை நறுக்கும். கருவுக்கு வெளியே டைசர் என்ற நொதி இன்னொரு முறை நறுக்கும். கிடைக்கும் ஏறத்தாழ 22 எழுத்துத் துண்டு ஆர்கனோட் என்ற புரதத்தில் அமர்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.யைத் தேடும். கண்டால் அதைச் சிதைக்கும் அல்லது அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கும்.

இதில் இரண்டு கருத்துகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூதுகளைக் கட்டுப்படுத்தக் கூடும். அதே வேளையில், ஒவ்வொன்றின்மீதும் அதன் பிடி பெரும்பாலும் மென்மையானது. விளக்கைப் போட்டு அணைப்பது போலன்று. குழாயைத் திருகித் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது போன்றது. ஆகவே, இங்கே அளவுதான் எல்லாம்.

வெள்ளணு வளரும் பருவங்களில் நுண் ஆர்.என்.ஏ.

இனி, இரத்த அணுக்களில் இவை என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கீழே கூறப்படுபவை பெரும்பாலும் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளாகும்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாங்-ஜெங் சென், டேவிட் பார்ட்டல், ஹார்வி லோடிஷ் ஆகியோர், மிர்-181 என்ற நுண் ஆர்.என்.ஏ.யை எலியின் குருத்தணுக்களில் மிகுதியாக்கினர். அவற்றிலிருந்து பி அணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிறந்தன. இரத்த அணு எந்த வழியில் வளர்வது என்பதில் நுண் ஆர்.என்.ஏ.க்குப் பங்குண்டு என்று காட்டிய முதல் ஆய்வுகளில் இதுவும் ஒன்றாகும். 2007-இல், அதே குடும்பத்தைச் சேர்ந்த மிர்-181ஏ, தைமசில் வளரும் டி அணுவின் உணர்திறனைக் கூட்டுகிறது என்பதும் தெரியவந்தது. எந்த அணு தேறும், எந்த அணு கழிக்கப்படும் என்பது இந்த உணர்திறனைப் பொறுத்ததே.

மிர்-150 முதிர்ந்த பி, டி அணுக்களில் மட்டுமே மிகுதியாக இருப்பது. அதை உரிய காலத்திற்கு முன்பே இளம் அணுக்களில் புகுத்தியபோது, பி அணுவின் வளர்ச்சி நடுவிலேயே தடைபட்டது. நல்ல உரமாயினும் முளைக்கும் கன்றுக்கு அள்ளிப் போட்டால் கருகிவிடுவதைப் போன்றதே இது.

மிர்-17-92 என்பது ஒரே இடத்திலிருந்து பிறக்கும் ஆறு நுண் ஆர்.என்.ஏ.க்களின் கூட்டம். அணுவைச் சாகச் செய்யும் ‘பிம்’ என்ற புரதத்தை இது அடக்கி வைக்கிறது. 2008-இல் இக்கூட்டத்தை நீக்கிப் பார்த்தபோது, வளரும் பி அணுக்கள் பிம் மிகுந்து இடைக்கட்டத்திலேயே இறந்தன. அதே ஆண்டு, பி அணுக்களில் டைசர் நொதியையே நீக்கி, அதாவது எல்லா நுண் ஆர்.என்.ஏ.க்களையும் நிறுத்திப் பார்த்த மற்றோர் ஆய்விலும் ஏறக்குறைய அதே கட்டத்தில் வளர்ச்சி நின்றது.

மிர்-155 இல்லாத எலிகளைப் பற்றி 2007-இல் இரண்டு குழுக்கள் எழுதின. பார்வைக்கு அவை நல்ல எலிகளே. ஆனால், அவற்றுக்குத் தடுப்பூசி போட்டும் போதிய பாதுகாப்புக் கிடைக்கவில்லை. பி, டி அணுக்கள் சரிவர வேலை செய்யவில்லை. ஆக, நோயை எதிர்க்க மிர்-155 வேண்டும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் இதையே வேறு கோலத்தில் சந்திப்போம்.

அளவு தவறினால்

மிர்-155 குறைந்தால் நோய் எதிர்ப்புக் குன்றும் என்று கண்டோம். மிகுந்தால்? 2006-இல் கார்லோ குரோச்சே குழுவினர், எலியின் பி அணுக்களில் மிர்-155 எப்போதும் மிகுதியாகவே இருக்குமாறு செய்தனர். முதலில் இளம் பி அணுக்கள் அளவின்றிப் பெருகின. பின்னர் அது இரத்தப் புற்றாகவே முற்றியது. நம்மைக் காக்கும் அதே மூலக்கூறு, அளவு மீறியபோது நம்மைக் கெடுக்கிறது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று நம் பெரியோர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான அறிவியல் சான்று கிடைப்பது அரிது.

நுண் ஆர்.என்.ஏ.க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலாக வெளிப்பட்டது 2002-இல். நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய் என்பது பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. மேலை நாடுகளில் மிகுதி, நம் ஆசிய மக்களிடையே குறைவு. இந்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 13-ஆம் நிறப்புரியின் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அத்துண்டில் இருக்கும் புற்றுத் தடுப்பு மரபணு எது என்று ஆய்வாளர்கள் பல்லாண்டு தேடியும் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஜார்ஜ் காலினும் குரோச்சேயும் அங்கே மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் கண்டனர். தேடியது புரதம் தரும் மரபணுவை. இருந்ததோ புரதம் தராத மரபணு.

இவ்விரண்டும் பி.சி.எல்.2 என்ற புரதத்தை அடக்குகின்றன என்பது 2005-இல் தெரியவந்தது. பி.சி.எல்.2 அணுவைச் சாக விடாமல் காப்பது. அடக்கும் மண்டோர் இல்லாமற்போனால் அது பெருகும். சாக வேண்டிய பி அணு சாகாமல் தேங்கும். 2010-இல் எலியில் இவ்விரு நுண் ஆர்.என்.ஏ.க்களையும் நீக்கியபோது, மனித நோயை ஒத்த நோய் அவற்றுக்கும் வந்தது. பி.சி.எல்.2 புரதத்தை நேரடியாகத் தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2016-இல் ஒப்புதல் அளித்தது. அம்மாத்திரை நுண் ஆர்.என்.ஏ. ஆய்விலிருந்து பிறந்தது அன்று. எனினும், மிர்-15ஏ, மிர்-16-1 ஆகியவை இயல்பாகச் செய்ய வேண்டிய வேலையை இல்லாத இடத்தில் அது செய்கிறது எனலாம்.

வேலூரில் நிகழ்ந்தது

இனி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சான்றைக் காண்போம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாத தமிழர் குறைவு. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையாரால் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில், 1986 முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் நடைபெற்று வருகிறது.

இரத்தப் புற்றுநோய்களுள் மிக விரைவாக உயிரைப் பறித்த வகைகளில் ஒன்று, தீவிர முன்மைலோசைட் இரத்தப் புற்றுநோய். முன்மைலோசைட் என்பது நியூட்ரோஃபிலாக வளரும் வழியிலுள்ள ஒரு நடுப்பருவ அணு. 15, 17-ஆம் நிறப்புரிகளின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பி.எம்.எல்.-ரார் என்ற கலப்புப் புரதம் தோன்றுகிறது. அது வளர்ச்சியைப் பூட்டிவிடுகிறது. அணுக்கள் நடுப்பருவத்திலேயே நின்று இலட்சக்கணக்கில் பெருகுகின்றன. இரத்தம் உறையாமல், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு நோயாளி சில நாள்களிலேயே இறந்துவிடக்கூடும்.

1980-களில் ஷாங்காய் மருத்துவர்கள், வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தால் இவ்வணுக்கள் சாகாமலேயே வளர்ந்து, முதிர்ந்து, பிறகு இயல்பாக மறைகின்றன என்று காட்டினர். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற மருந்தும் இந்நோயைத் தணிப்பதைக் கண்டனர். இம்மருந்து அந்தக் கலப்புப் புரதத்தையே சிதைக்கிறது.

அக்காலத்தில் வழக்கிலிருந்த ரெட்டினாயிக் அமிலமும் கீமோ மருந்துகளும் சேர்ந்த சிகிச்சைக்குப் பெருஞ்செலவாகும். அச்செலவை ஏற்க இயலாத குடும்பங்களே வேலூருக்கு மிகுதியாக வந்தன. விக்ரம் மேத்யூஸ், மேமன் சாண்டி, அலோக் ஸ்ரீவத்சவா உள்ளிட்ட வேலூர் மருத்துவர்கள், 1998 முதல் 2004 வரை புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடை மட்டுமே அடிப்படை மருந்தாகக் கொடுத்தனர். அவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. மூன்றாண்டுக் கணிப்பிலும் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். 2006-இல் வெளியான இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. பிறகு 2013-இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வு, நடுத்தர, குறைந்த அபாய நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலமும் ஆர்செனிக்கும் சேர்ந்தாலே போதும் என்று காட்டியது. அவர்களில் 97 விழுக்காட்டினர் ஈராண்டுவரை நோய் திரும்பாமல் உயிர் வாழ்ந்தனர்.

இதில் நுண் ஆர்.என்.ஏ. எங்கே வருகிறது? நியூட்ரோஃபில் வளர்ச்சியில் மிர்-223 முக்கியமானது. 2005-இல் ரோம் நகர ஆய்வாளர்கள், இந்நோய் அணுக்களுக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தபோது மிர்-223 உயர்வதைக் கண்டனர். மருந்தின்றி மிர்-223-ஐ மட்டும் கூட்டியபோதும் அணுக்கள் வளர்ச்சியை நோக்கி நகர்ந்தன. ஆக, பூட்டைத் திறக்கும்போது உள்ளே சுழலும் பற்களில் மிர்-223-ம் ஒன்று. சிகிச்சை முதலில் வந்தது. அது ஏன் பலித்தது என்ற விளக்கத்தின் ஒரு பகுதியை நுண் ஆர்.என்.ஏ. பின்னர் தந்தது. முன்பு கண்ட புழுவை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு பருவத்திலேயே நின்றுவிட்ட உயிர்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்செனிக் என்பது நம் பழைய மருத்துவ நூல்கள் பாடாணம் என்று சொல்லும் நஞ்சு இனத்தைச் சேர்ந்தது. வேலூரில் கொடுக்கப்பட்டது தூய்மை அளவிடப்பட்ட மருந்து. இதயத் துடிப்பையும் இரத்த உப்புகளையும் சோதித்துக்கொண்டே கொடுக்கப்படுவது. அதுவும் இந்த ஒருவகைப் புற்றுக்கே. “புற்றுக்குப் பாடாணம் நல்லதாம்” என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்கி உண்ணக்கூடாது.

நம் வாசலுக்கு வருவோம்

சிறுவர்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் தீவிர நிணநீரணு இரத்தப் புற்றுநோய் ஆகும். பெரும்பாலும் இது இளம் பி அணுக்கள் நாற்றுமேடையிலேயே நின்றுவிடுவதால் வருவது. மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய ‘மா-ஸ்போர் 2003’ சிகிச்சைத் திட்டத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் பங்கேற்றது. சிகிச்சையின் தொடக்கக் கட்டங்களில் எத்தனை நோயணுக்கள் எஞ்சியுள்ளன என்று நுட்பமாக எண்ணி, நன்கு தேறிய குழந்தைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைப்பதே அத்திட்டத்தின் சிறப்பு. 556 குழந்தைகளைப் பற்றிய முடிவு 2012-இல் வெளியானது. ஆறாண்டுக் கணிப்பில் 88.4 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். நோய் திரும்பாமலும் பிற இடரின்றியும் இருந்தோர் 80.6 விழுக்காட்டினர். “வந்தா அவ்வளவுதான்” என்ற பேச்சுக்கு இந்த எண்களே பதில்.

ஆனால், இந்தப் பலன் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. நோயை முன்கூட்டியே கண்டறிய வேண்டும். ஈராண்டுக்கும் மேல் நீளும் சிகிச்சையை நடுவில் நிறுத்தக்கூடாது. கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் 60 கிலோமீட்டருக்கு மேல். தினக்கூலியை நம்பும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு நாள் சம்பளம். முதல் மாதத்திலேயே பிள்ளையின் முகம் தெளிந்து, ஓடியாடத் தொடங்கிவிட்டால், “நல்லாயிட்டான், இனி எதுக்கு ஊசி?” என்று தோன்றுவது இயல்பு. ஆனால், கண்ணுக்குத் தெரியாமல் மச்சையில் எஞ்சியிருக்கும் சில அணுக்களே மீண்டும் பெருகும். நின்றுவிட்ட கன்றுகள் அனைத்தும் கழிக்கப்படும்வரை வேலை முடியவில்லை என்பதைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் சொல்வோர் வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கிலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை செய்துகொள்வது நலம்:

1. காரணமின்றி முகம் வெளிறுதல், நீங்காத களைப்பு.
2. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்.
3. அடிபடாமலே தோன்றும் நீலத் தடிப்புகள், தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள், ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு.
4. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் குறையாத கட்டிகள்.
5. குழந்தை கால் எலும்பு வலிக்கிறது என்று நடக்க மறுத்தல்.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். டிங்கிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறைந்து சிவப்புப் புள்ளிகள் வரும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் முகம் வெளிறும். வேறுபாட்டை இரத்தச் சோதனையே காட்டும். டிங்கி என்று நினைத்த காய்ச்சல் தணிந்தும் எண்ணிக்கை சீராகவில்லை என்றால், மீண்டும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. தேவைப்பட்டால், இரத்த நோய்களுக்கான சிறப்பு மையமாக விளங்கும் அம்பாங் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மருத்துவர்களே அனுப்பி வைப்பர்.

இன்னும் கடக்க வேண்டிய தூரம்

நுண் ஆர்.என்.ஏ.யையே மருந்தாக்க முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். நம்பிக்கை தரும் சான்று இருக்கிறது. 2010-இல், மிர்-21 மிகுந்ததால் எலிக்கு வந்த நிணநீர்ப் புற்று, அந்த ஒரு நுண் ஆர்.என்.ஏ.யை நிறுத்தியவுடன் சில நாள்களிலேயே கரைந்தது. ஆனால், மனிதருக்கு வரும்போது வழி கரடுமுரடாகிறது. மிர்-34 என்ற நுண் ஆர்.என்.ஏ.யைப் போன்று செய்யப்பட்ட ஒரு புற்று மருந்தின் மனிதச் சோதனை, நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடும் பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஒரு நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூதுகளைத் தொடுகிறது. நாம் விரும்பிய ஒன்றை மட்டும் தொடுமாறு அதற்குக் கட்டளையிட முடியாது. ஆகவே, புற்றுநோய்க்கென ஒப்புதல் பெற்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்து இன்றுவரை இல்லை. இணையத்தில் யாராவது அப்படி விற்றால் நம்ப வேண்டாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், வெள்ளணுவின் வாழ்வு பருவந்தோறும் அளவோடு நடத்தப்படும் ஒரு வளர்ப்பு என்பதும், நுண் ஆர்.என்.ஏ.க்கள் அந்த அளவைக் காப்பவற்றுள் அடங்கும் என்பதும், அவ்வளவு தவறும்போது அணுக்கள் வளராமலோ சாகாமலோ தேங்கி இரத்தப் புற்றுநோய் ஆகின்றன என்பதும் புலனாகும். தேங்கிய அணுவை மீண்டும் வளரச் செய்யலாம் என்பதை ஷாங்காயும் வேலூரும் காட்டியுள்ளன. நம் நாட்டுக் குழந்தைகளில் பெரும்பான்மையோர் இந்நோயிலிருந்து மீள்கின்றனர் என்பதை நம் நாட்டு எண்களே சொல்கின்றன.

தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள நாம், இந்தப் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிடக் கூடாது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கோயில் திருவிழாவிலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசலாம். மிர்-155 என்ற பெயர் அங்கே தேவைப்படாது. நாற்றுமேடையில் நின்றுபோன கன்றையும், அறிகுறிகள் ஐந்தையும், சிகிச்சையை நடுவில் விடக்கூடாது என்பதையும் சொன்னால் போதும். மருத்துவம், உயிரியல் பயிலும் தம்பி தங்கையர் அதற்கு மேலும் சென்று, எஞ்சியிருக்கும் கேள்விகளுக்கு விடை தேட முன்வர வேண்டும்.